எதைக் காண்பது, எதை விடுவது?

பழம்பெரும் நகருக்குச் செல்லும் பயணிக்குக் காண வேண்டியவை பல. கையிலுள்ள நாட்களோ சில. ஒன்றைக் காண்பதென்றால் மற்றொன்றைக் காணாது விடுதல் வேண்டும். இத்தேர்வை வழிகாட்டியின் விருப்பத்துக்கும் வாகனத்தின் வசதிக்கும் விட்டுவிடலாமா? இது நிய்யத்தைப் பற்றிய வினா என்றே நாம் கருதுகிறோம்.

மிஸ்ரு நாட்டின் காஹிரா நகரை எடுத்துக்கொள்வோம். இரண்டே நாள் தங்குபவர் எங்கே செல்வார்? நைல் நதிக்கு மேற்கே கீஸாவில் பிரமிடுகள். கிழக்கே அல்அஸ்ஹர், இப்னு துலூன் பள்ளி, சுல்தான் ஹஸன் மதரஸா. தெற்கே கராஃபா அடக்கத்தலத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கப்ரு. “பிர்அவ்ன்களின் ஆணவச் சின்னத்தில் முஸ்லிமுக்கு என்ன வேலை?” என்பர் ஒரு சாரார். “உலக அதிசயத்தை விட்டுப் பள்ளிகளைக் காண்பதா? அவை நம்மூரிலும் உள்ளனவே!” என்பர் மறுசாரார்.

முதல் சாராருக்கு நாம் சொல்வது இது: பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறையே பணிக்கிறது. 1196 இல் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்மலிக் அல்அஸீஸ் உஸ்மான், மூன்று பெரும் பிரமிடுகளுள் சிறியதை இடிக்க முனைந்தார். எட்டு மாத உழைப்பில் ஒரு பக்கத்தில் வடு மட்டுமே விழுந்தது. சில ஆண்டுகளில் அங்கு வந்த பேரறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, பழஞ்சின்னங்கள் வரலாற்றுக்கும் இறைவேதங்களுக்கும் சாட்சிகள் என்றெழுதி, அவற்றை அழிப்போரைக் கண்டித்தார்.

மறுசாராருக்கு ஒரு சொல்: உருவத்தின் பெருமையைக் கண்டு வியப்பது மட்டும் காட்சியாகாது. பிரமிடுகளின் அருகிலேயே அவற்றைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் 1990 இல் கண்டறியப்பட்டன. மன்னனின் கல்மலையை அண்ணாந்து பார்த்த கண், அச்சிறு கல்லறைகளையும் குனிந்து பார்க்க வேண்டாமா? இதே அளவுகோலை நம்மவர் கட்டியவற்றுக்கும் வைப்பதே நீதி. 1356 இல் தொடங்கிய சுல்தான் ஹஸன் மதரஸாவின் மினாரா ஒன்று 1361 இல் சரிந்து ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அநாதைச் சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அதன் அழகைப் போற்றும் நாவு அவர்களுக்காக ஒரு துஆவும் கேட்கட்டும்.

இனி, இமாம் அவர்களின் கப்ரு. அதன் மேலுள்ள குப்பாவை ஐயூபி சுல்தான் அல்காமில் 1211 இல் எழுப்பினார். ஆயினும் அங்கு நம் உள்ளத்தைத் தொடுவது குப்பாவன்று. ஈராக்கில் தாம் கூறிய தீர்ப்புகள் பலவற்றை மிஸ்ருக்கு வந்தபின் மறுஆய்வு செய்து, புதிய கருத்துகளை வெளியிட்ட பின்னரே இமாம் அவர்கள் ஹிஜ்ரி 204 இல் மறைந்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றப்படும் மத்ஹப் அவர்களுடையதன்றோ! புகழின் உச்சியிலும் தம் கருத்தைத் திருத்திக்கொண்ட பெருந்தகையின் அருகில் நிற்பவர், தம் பிடிவாதங்களை எண்ணிப் பாராது திரும்பலாமா?

ஆகவே எண்ணிக்கையைப் பெருக்க ஓட வேண்டியதில்லை. படிப்பினை பெற ஓரிடம், நன்றி செலுத்த ஓரிடம் என்று தேர்ந்தாலே போதும். புறப்படுமுன் குடும்பத்தார் கூடியமர்ந்து, அவ்விரண்டின் வரலாற்றைப் பிள்ளைகளோடு படிக்கட்டும். பத்து இடங்களை விரைந்து கடந்தவர் படங்களோடு வருவார். இரண்டிடங்களில் நின்று சிந்தித்தவர் சற்றே மாறிய மனிதராய் வருவார். காணாது விட்டவற்றுக்காக அவர் வருந்த வேண்டியதில்லை.