தெரியாம எடுத்துட்டேன்

"அண்ணாச்சி, தப்பா நெனைச்சுக்கிடாதீய. உங்க போன்னு தெரியாம எடுத்துட்டேன்."

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம். காவல் நிலையத்துச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போன வருஷம் சொந்த ஊரான குளத்தூருக்குப் போகும் வழியில், பஸ் ஏறுகிற நெரிசலில் என் செல்போன் பறிபோனது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் வேண்டாம். புகார் எழுதும்போது "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார்கள். "பத்திரிகை" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மூன்றாம் நாள் போன் வந்துவிட்டது. மேலே போட்டிருந்த உறைகூடக் கழலவில்லை.

பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்! ஊருக்குப் போய்ச் சேர்ந்து கை கால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் அந்த 'தெரியாம' என்கிற வார்த்தை முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அடுத்தவன் பையில் கை விடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். எடுப்பது திருட்டு என்பதும் தெரியும். பை யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது. அப்படியென்றால் அந்தப் பையன் எதற்கு மன்னிப்புக் கேட்டான்?

அந்த வாரமே மாமா வீட்டில் 'மாநகரம்' பார்க்க நேர்ந்தது. 2017-ல் வந்த படம், லோகேஷ் கனகராஜின் முதல் முழுநீளப் படம். சென்னையில் ஒரு சில்லறைக் கும்பல் பணத்துக்காக ஒரு பையனைக் கடத்தத் திட்டம் போடுகிறது. தொழிலுக்குப் புதுசான முனீஸ்காந்த் சொதப்ப, வேறொரு பையனைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். அவனோ ஊரே நடுங்கும் தாதா பி.கே.பி.யின் மகன்! விஷயம் தெரிந்ததும் கும்பலுக்கு வேர்க்கிற வேர்வையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் போன் ஞாபகம் வந்துவிட்டது.

சரியான பையனைத் தூக்கியிருந்தால் அவர்கள் கணக்கில் அது தப்பே இல்லை. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் அழுவாள். அதற்கெல்லாம் யாருக்கும் வேர்க்காது. தாதாவின் பையனைத் தொட்ட பிறகுதான் 'ஐயோ, தப்பு பண்ணிட்டோமே!'

இதே படத்தில் இன்னொரு ஆள்மாறாட்டமும் உண்டு. ஐ.டி. வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த இளைஞன் (ஸ்ரீ நடித்தது) வேறொருவனுக்கு விழவேண்டிய அடியை வாங்குகிறான். சர்டிபிகேட்டெல்லாம் போய்விடுகிறது. அடித்தவர்களுக்கு அதற்காகத் தூக்கம் கெடவில்லை, ஏனென்றால் அவனுக்குப் பின்னால் பி.கே.பி. யாரும் இல்லை. ஒரே ஊர், இரண்டு தவறுகள். ஒன்று நகரத்தையே புரட்டிப்போடுகிறது. மற்றதை அந்தப் பையனேதான் சுமந்துகொண்டு அலைகிறான். சிரிக்கவைக்கிற காட்சிகளைவிட இந்த ஒன்று எனக்கு அதிகம் பிடித்திருந்தது.

2013-ல் வந்த 'சூது கவ்வும்' படத்தில் நலன் குமரசாமி இதை விதியாகவே எழுதிவைத்திருந்தார். விஜய் சேதுபதி கடத்தலுக்கு ஐந்து விதிகள் வைத்திருப்பார், அதில் முதலாவது, அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கை வைக்கக்கூடாது என்பது. அதை மீறி மந்திரி மகனைத் தூக்கியதும்தான் வினை ஆரம்பிக்கிறது. லண்டன் தாதாவிடம் ஐந்து லட்சம் பவுண்டு கடன்பட்டு நாலு நண்பர்கள் திண்டாடும் 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' 1998-ல் வந்தது. ஊர்தான் வேறு, வேர்வை அதே வேர்வை!

படம் முடிந்ததும் மாமா சொன்னார்: "இதுல என்ன மருமவனே புதுசு? நம்ம ஊரு ஆடு கத தான."

மறந்தே போயிருந்தேன். 1990 வாக்கில், நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. குளத்தூர் பக்கம் அன்றைக்கும் இன்றைக்கும் பிழைப்பு மூன்று விதம்: மழை பெய்தால் கரிசலில் வெள்ளாமை, பெய்யாவிட்டால் கருவேலமரத்தை வெட்டிக் கரிமூட்டம், இரண்டுக்கும் நடுவே ஆடு. ஆடுதான் எங்கள் ஊர் பேங்க். கல்யாணமோ காய்ச்சலோ, எட்டயபுரம் சந்தைக்கு ஒன்றை ஓட்டிப்போனால் காசு.

ஒரு ராத்திரியில் இரண்டு ஆடுகள் களவு போயின. ஒன்று தெருக்கோடியில் தனியாக இருந்த பாட்டியின் சினை ஆடு. இன்னொன்று, மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த பெரிய மனுஷர் வீட்டுக் கிடா. மறுநாள் ராத்திரி கிடா திரும்பி வந்துவிட்டது! அவர் வீட்டு வாசல் தூணில் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கட்டு அகத்திக்கீரை வேறு. களவாணி பயந்துபோய் விருந்து வைத்து அனுப்பியிருக்கிறான். ஊரே சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. நேரே அந்தப் பெரிய மனுஷர் வீட்டுக்குப் போய், "ஐயா, கிடாவக் கொண்டாந்து கட்டுனவன்ட்ட எங்குட்டியையும் ஒரு வார்த்த கேளுங்க" என்று நின்றாள். "எவன் கட்டுனான்னு நான் கண்டேனா?" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தேடவும் இல்லை. அவர் ஆடுதான் வந்துவிட்டதே.

மறுவருஷம் பாட்டி ஒரு குட்டி வாங்கி, முதல் வேலையாக அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டாள். அது தெருத்தெருவாக மேய்ந்தது, கண்டவர் வீட்டுக் கம்பைத் தின்றது. யாரும் தொடவில்லை. எனக்கு அப்போது அது பக்தி என்று பட்டது. இப்போது யோசித்தால், பாட்டி பாதுகாப்புக்கு ஒரு பெரிய புள்ளியைப் பிடித்திருக்கிறாள். ஐயனாரைவிடப் பெரிய தாதா எங்கள் பக்கம் யார்?

"பயம் இருந்தாத்தான மருமவனே நியாயம் இருக்கும்" என்பது மாமாவின் கட்சி. இது பழைய வாதம். கிரேக்கத்தில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு ஆட்டிடையன் கதை வரும். (அங்கேயும் ஆடு!) திருப்பினால் ஆள் மறைந்துபோகும் மோதிரம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. பார்க்க ஆளில்லை என்றானதும் அவன் ராணியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ராஜாவைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். மாட்டிக்கொள்ளும் பயம் இல்லாவிட்டால் எவன் யோக்கியன் என்று அதில் ஒருவர் கேட்பார். மாமா பிளேட்டோ படித்ததில்லை, அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

நான் படித்தது பி.காம். மாமாவின் கணக்கில் எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு. பயத்தினால் திருட்டு குறைந்தால் மாமா சொல்வது சரி. ஆனால் பெரிய மனுஷர் கிடா திரும்பி வந்ததனால் ஊரில் களவு குறைந்ததா? அடுத்த தடவை களவாணி தூணைப் பார்த்து, திண்ணையைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்திருப்பான். நஷ்டம் பேரேட்டில் ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு மாறுகிறது, கூட்டுத்தொகை அப்படியேதான் நிற்கிறது. எந்தப் பக்கம் மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்க நாதியில்லாதவர் பக்கம்தான். என் போனைத் திருப்பிக் கொடுத்த பையன் அன்றைக்குத் திருந்திப் போனானா, இல்லை, சட்டைப் பையில் அடையாள அட்டை தெரிகிறவர்களைத் தவிர்க்கப் பழகிக்கொண்டானா?

சட்டத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 ஆகட்டும், 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சம்ஹிதாவின் 303 ஆகட்டும், திருட்டு திருட்டுதான். புதிய சட்டம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை எடுத்து மாட்டியவன், அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையோடு விட்டுவிடவும் வழி வைத்திருக்கிறது. பொருளின் மதிப்பைத்தான் பார்க்கிறது, பொருளுக்கு உடையவரின் மதிப்பை அல்ல. அதைப் பார்ப்பது நாம்தான். புகார் எழுதுகிற இடத்தில் 'என்ன வேலை?' என்ற கேள்விக்கு நான் தயங்காமல் பதில் சொன்னேனே, அதுவும் அந்தப் பார்வைதானே?

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போன் வாங்கப் போன அன்று ஸ்டேஷன் வாசலில் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கரிமூட்டம் போடுகிறவர். நகக்கண்ணெல்லாம் கரி. கடன் வாங்கி எடுத்த டி.வி.எஸ். வண்டி காணாமல் போய் நாலு மாசம். வாராவாரம் வந்து கேட்டுவிட்டுப் போகிறாராம். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

"கெடச்சிருச்சா அண்ணாச்சி?"

"கெடச்சிருச்சு."

"யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சிருச்சோ?"

"ஆமா, உள்ளதான் நிக்கான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன்ட்ட எவ் வண்டியப் பத்தியும் ஒரு வார்த்த கேட்டீயளா?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.