கூடிச் செய்தலும் தனி வினையும்

இருக்கன்குடி மாரியம்மன் திருக்கோயில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உளது. கூடியபின் இன்ன நீர் இன்ன ஆற்றினது எனப் பிரித்தறிதல் ஆகாது. அவையிற் கூடி முடிவு செய்வார் வினையும் அவ்வாறு கலந்தொழியுமோ எனின், ஒழியாது என்க. உயிர்கள் பல, செய்த உயிரையே அதன் வினை சாரும் என்பது சித்தாந்தத் துணிபு.

ஆகலின், 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்வழி அமையும் அறங்காவலர் குழு எதிலும், ‘பலரும் இசைந்தனர், யானும் இசைந்தேன்’ என்னுஞ் சொல் ஒருவனைக் காவாது. உள்ளம் ஒவ்வாதாயின் அம்மறுப்பை அவையிலேயே உரைத்துக் குறிப்பேட்டிற் பதிவித்தல் கடன். வாளா கையெழுத்திட்டவன் பயனுக்கும் உரியனாவான்.

தன் சொல்லின் சுமையைத் தானே தாங்குதல் இதன் மறுபுறம். விருதுநகரிற் பிறந்த காமராசர், மூத்தோர் பதவி துறந்து கட்சிப்பணி ஆற்றுக என முன்மொழிந்தார். 1954 முதல் தாம் வகித்த முதலமைச்சர் பதவியை 1963 அக்டோபர் 2-இல் தாமே நீத்தார். பிறர்க்குரைப்பதைத் தன்பால் முதலிற் செய்தலே தலைமைக்கு இலக்கணம்.