யாருக்காக ஒழுங்கு?

வீட்டை ஒழுங்குபடுத்துகிறவனுக்கு மனத்தில் ஒரு கர்வம் பிறக்கிறது. உலகத்தில் வேறு எதையும் திருத்த முடியாதவன்கூடத் தன் மேஜை இழுப்பறையைத் திருத்திவிட்டால், சற்று நேரம் தானும் ஒரு சிருஷ்டிகர்த்தா என்று எண்ணிக்கொள்கிறான். எனக்கு இந்தக் கர்வம் வெகு நாளாக உண்டு. எழுத உட்கார்ந்து எழுத்து ஓடாத நாட்களில்தான் என் வீட்டு அலமாரிகள் சுத்தமாகின்றன என்று என் மனைவி சொல்லுவாள். உண்மைதான்.

2025ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அப்படித்தான் எழுத்து ஓடவில்லை. வீட்டுக்குள் ஒழுங்குபடுத்த ஒன்றும் மீதமில்லாததால் கீழே இறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்தேன். மறுநாள் விடியற்காலையில் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது.

முன் ஸீட்டுகள் இரண்டுக்கும் நடுவே, கியர் ராடின் அடியில், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் ஒயர்கள் ஒரு பிடி சேமியாவைப் போலக் கிடந்தன. பிரித்து எண்ணியபோது ஆறு தேறின. இரண்டு என்னுடையவை. ஒன்று என் பெண்ணுடையது. ஒன்று, எப்போதோ கடையில் கொடுத்து மாற்றிக்கொண்ட பழைய போனுக்கு உரியது. போன் போய்விட்டது, ஒயர் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. ஒன்று யாருடையது என்றே தெரியவில்லை. ஆறாவது, கறுப்பு நிறம். முனைக்குக் கீழே கழுத்துப் பக்கத்தில் இன்ஸுலேஷன் டேப் சுற்றி, அழுக்கேறி, பார்க்கவே சகிக்காமல் இருந்தது.

இந்தச் சிக்கலை வேடிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நீளமான ஒயர் ஒன்று தொங்கிப் பிரேக் பெடலுக்கு அருகே போய்விட்டால் காலில் மாட்டும். ஆகையால் என் முயற்சியில் நியாயம் இல்லாமல் போகவில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் எனக்குத் தேவைப்படும்.

கயிறு ஏன் தானாகவே சிக்குப் போடுகிறது என்பதற்கு ஆராய்ச்சிகூட நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ரேமர், ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுச் சுழலவிட்டு, மூவாயிரம் தடவைக்கு மேல் சோதித்துப் பார்த்து, 2007ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். சில விநாடிகளிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறதாம். ஆனால் சுமார் 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சு விழவே இல்லை. ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். "முடிச்சுக்குக்கூடவா ஆராய்ச்சி!" என்றாள் என் மனைவி. நானோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஓர் அடி நீளத்தில் இரண்டு ஒயர்கள் வாங்கி வந்திருந்தேன். பின் ஸீட்டுக்கு ஓர் அடி எட்டாது. அதற்கு ஒரு நீள ஒயரை வைத்துக்கொண்டு, ஸீட்டின் ஓரமாகவே கிளிப் போட்டு ஒட்டி, மிச்சத்தை வெல்க்ரோ பட்டையில் சுருட்டிக் கட்டினேன்.

காரில் மின்சாரம் கிடைக்கும் துளைகள் இரண்டு. ஒன்று, சிகரெட் பற்றவைப்பதற்காக அந்தக் காலத்தில் ஏற்பட்ட 12 வோல்ட் துளை. இன்று அதில் யாரும் சிகரெட் பற்றவைப்பதில்லை. இருந்தாலும் வடிவம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. மற்றது பாட்டுப் பெட்டியோடு சேர்ந்தது. எங்கள் காரில் இதற்குத் திராணி குறைவு: அரை ஆம்பியர்தான் கொடுக்கும். வழிகாட்டும் படத்தைத் திறந்து வைத்த போனை அதில் மாட்டினால், ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும். ஆகவே 12 வோல்ட் துளையை வழிகாட்டும் போனுக்கு, அதாவது என் பெண்ணுடைய போனுக்கு, ஒதுக்கினேன். மற்றது எனக்கும் மனைவிக்கும். எங்கள் போன்கள் எல்லாம் புதுவகை முனை உடையவை. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் இந்த ஒரே முனைதான் இருக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆளுக்கொரு முனை, போனுக்கொரு ஒயர் என்ற அவஸ்தை ஒழிந்தது என்று நானும் மகிழ்ந்தவன்தான்.

மீதி மூன்றையும், அந்தக் கறுப்பு ஒயர் உள்படக் குப்பைக் கூடையில் போட்டேன். என் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அதையெல்லாம் கேட்டுட்டுப் போடக்கூடாதா?" என்றாள். "யாரைக் கேட்கணும்?" என்றேன். வண்டி என்னுடையது அல்லவா?

தூரப் பயணம் என்றால் நான் ஓட்டுவதில்லை. ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்துக்கொள்வோம். நாலைந்து வருஷமாக அவர் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சார் என்பார். பேச்சு குறைவு. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. வண்டியில் ஏறியதும் அவருடைய இடது கை கியர் ராடின் அடியில் சென்று ஒரு முறை துழாவியது. பிறகு டேஷ்போர்டைத் திறந்து பார்த்தார். மூடினார். வண்டியை எடுத்தார். நான் பின்னாலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை உணரவில்லை. கதை எழுதுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். அது எங்களைப் பற்றி நாங்களே பரப்பிவிட்ட வதந்தி.

செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகம் ஏரிக்கரையில் பொழுது புலர்ந்தது. விக்கிரவாண்டியில் இட்டிலி சாப்பிட்டோம். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார், மறுபடி பையில் போட்டுக்கொண்டார். உளுந்தூர்ப்பேட்டை டோல்கேட்டில் நின்றபோது மறுபடி அதே காரியம். எங்கள் மூன்று போன்களும் முறை வைத்துக்கொண்டு, ஒயர் ஒயராக, சிக்கில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. வழிகாட்டும் குரல், முப்பது வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவருக்கு, நேராகப் போகும்படி சொல்லிக்கொண்டிருந்தது.

பதினொரு மணி சுமாருக்குப் பெரம்பலூர் அருகே ஒரு டீக்கடையில் வண்டியை அவராகவே நிறுத்தினார். அப்படி நிறுத்துகிறவர் அல்ல. கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் போனை மாட்டிவிட்டு அங்கேயே நின்றார். நாங்கள் டீயைக் குடித்து முடிக்கும்போது போனைக் காதில் வைத்திருந்தார். பிறகு எங்களிடம் வந்தார். முகம் அழுவதுபோலவும் சிரிப்பது போலவும் இருந்தது.

"பேத்தி சார். எட்டரை மணிக்குப் பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

முந்தின இரவு முழுவதும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அங்கே போனுக்குச் சார்ஜ் போட இடம் கிடைக்கவில்லை. வண்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அடடா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள் என் மனைவி.

"சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டிருப்பீங்கம்மா."

அது நிஜம். கூப்பிட்டிருப்போம். கருணையினால்தான் கூப்பிட்டிருப்போம், அந்தக் கருணையில் அவருக்கு இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

"எங்க போன்லேருந்து பேசியிருக்கலாமே?" என்றேன் நான்.

"நம்பரெல்லாம் இதுக்குள்ளதானே சார் இருக்கு" என்று போனைக் காட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒயரு ஒண்ணு போன தடவை இங்கேயே வெச்சிருந்தேன். பழைய மாடலுக்கு அதுதான் சேரும். நானேதான் எங்கேயாவது எடுத்துட்டுப் போய்த் தொலைச்சிருப்பேன்."

"இருக்கும்" என்றேன்.

என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளாக நான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தவற்றை ஒப்புக்கொள்ளும் கதாபாத்திரங்களை நான் நிறையப் படைத்திருக்கிறேன். இருபதாவது அத்தியாயத்தில் அவர்கள் கண்ணீர் விட்டு உண்மையைச் சொல்லும்போது வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். எனக்கு அத்தியாயம் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் வரவில்லை. காரணங்கள் மட்டும் வரிசையாக வந்தன: அற்ப ஒயர்தானே, அவருடைய சந்தோஷ சமயத்தில் எதற்கு இந்தப் பேச்சு, குழந்தை நன்றாகத்தானே பிறந்திருக்கிறது. நல்ல காரணத்துக்கு எப்போதுமே பஞ்சம் இல்லை.

கெட்டது ஒன்றும் நடக்கவில்லை என்பது மெய்தான். எட்டரைக்குத் தெரியவேண்டியது பதினொன்றுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் ஒரு மனிதர், மகள் பிழைத்தாளா என்று தெரியாமல், எங்கள் மூவரின் உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு, மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்திருக்கிறார். சுத்தமான காரில்.

என் பாட்டியிடம் ஓர் அஞ்சறைப்பெட்டி இருந்தது. கடுகுக்குப் பக்கத்தில் வெந்தயம், அதற்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு துண்டுச் சுக்கு, நடுக்கிண்ணத்தில் மிளகோடு கலந்து ஒரு பழைய காலணா. வெளியார் கண்ணுக்கு அலங்கோலம். பாட்டியின் விரல்களோ பார்க்காமலே எடுக்கும். ஒரு தடவை ஊரிலிருந்து வந்த சித்தி அதைக் கழுவித் துடைத்து, அழகாக மாற்றி வைத்துவிட்டாள். அன்றைக்கு ரசத்தில் எது விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டி கோபிக்கவில்லை; அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பெட்டிக்காகவா இப்படி என்று நாங்கள் சிரித்தோம். இப்போது எனக்குத் தோன்றுகிறது: பாட்டிக்கு அந்த வீட்டில் சொந்தம் என்று இருந்தது அந்த ஏழு கிண்ணங்கள்தான்.

பயன்படுத்துகிற கைக்குத்தான் ஒழுங்கு செய்யும் உரிமை என்று இதிலிருந்து தீர்மானித்துவிடலாமா? அதுவும் சரியாக வராது. சாலையில் எல்லோரும் இடதுபுறமாகப் போகவேண்டும் என்று யாரோ வைத்த விதியை நாம் கேள்வி கேட்காமல் ஏற்கிறோம். ஏற்காவிட்டால் பெரம்பலூர் போய்ச் சேரமாட்டோம். பலர் கூடுகிற இடத்தில், கேட்காமல் வைத்த ஒழுங்கும் தேவைதான். ஆனால் சாலை விதியை வைத்தவனும் அதே சாலையில் இடதுபுறம்தான் போகிறான். நான் அப்படியா செய்தேன்? பின் ஸீட்டில் உட்காருகிறவன் முன் ஸீட்டுக்கு விதி வகுத்தேன். யார் யார் அந்த வண்டியில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டபோது மூன்று போன்களை எண்ணினேன். வண்டியில் நான்கு பேர்.

அந்தக் கறுப்பு ஒயரை நினைக்கும்போது இன்னொன்றும் உறைக்கிறது. இந்த ஒயர்கள் பெரும்பாலும் கழுத்தில்தான் அறுந்துபோகின்றன. பிடுங்கும்போதும் மடக்கும்போதும் அந்த இடம்தான் வளைகிறது. உள்ளே மெல்லிய தாமிர இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. அதைத் தெரிந்துகொண்டு, யாரோ பொறுமையாக அந்தக் கழுத்துக்கு டேப் சுற்றியிருக்கிறார். நான் பழுது என்று நினைத்துத் தூக்கி எறிந்தது, பழுது பார்த்ததன் அடையாளம். புது முனைதான் இனி உலகத்துக்கெல்லாம் என்று சட்டம் செய்கிறவர்கள் நல்லதைத்தான் செய்கிறார்கள். பழைய முனையுள்ள போனை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டவேண்டியவர் அந்தப் பொது நன்மையில் எங்கே நிற்கிறார் என்பது வேறு விஷயம்.

பங்குனியில் காஞ்சிபுரம் போனோம். முதல் நாளே கடைக்குப் போய்ப் பழைய முனை வைத்த ஒயர் ஒன்று வாங்கினேன். நீளமாகவே வாங்கினேன். காலையில் அவர் வண்டியில் ஏறியதும் கையில் கொடுத்தேன். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று விசாரித்தேன். அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்க ஒயரை நீங்க தொலைக்கலை. நான்தான் குப்பையில போட்டேன்."

"தெரியும் சார்" என்றார். "வண்டியில ஏறினதுமே தெரிஞ்சுது. அவ்வளவு சுத்தமா இருந்துதே."

நான் மேலே பேசவில்லை. அவர் ஒயரைப் பிரித்து, 12 வோல்ட் துளையில் மாட்டி, போனைக் கியர் ராடின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அது அங்கேயே இருந்தது. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரவு திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பிறகு ஒயரைக் கழற்றி, நாலு விரலில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அங்கேயே இருக்கட்டுமே அண்ணே, இடம்தான் இருக்கே" என்றேன்.

"பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.