காலம் கடந்தால் களவு சொத்தாகுமா?

“எத்தினி வருசமாச்சி, இப்ப வந்து கேக்குறீங்களே?” குன்றத்தூர், ஒரகடம் பக்கம் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வி இது. கம்பெனிகள் வந்து மண்ணு விலை ஏறினதும் கேட்கிறவன் சத்தமும் ஏறிவிட்டது. காலதாமதம் ஒரு குற்றமா? யாருடைய குற்றம்?

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையையொட்டி, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு முடிவெடுத்தது. பத்து வருசம் விற்கக் கூடாது. அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். அப்படியும் நிலம் கைமாறியது. கடனுக்குப் போனது, கல்யாணச் செலவுக்குப் போனது, அடிக்குப் பயந்து வைத்த கைநாட்டிலும் போனது. எடுக்க வேண்டிய அரசு சும்மா இருந்தது.

சிவில் கோர்ட்டுக்குப் போனால் 1963ஆம் வருசத்துக் காலவரையறைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அடுத்தவன் சொத்தைப் பன்னிரண்டு வருசம் வெளிப்படையாக, விடாமல், எதிரிடையாக அனுபவித்தால் உரியவனின் உரிமையே அற்றுப்போகும். அரசு வழக்குப் போட 30 வருசம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கயூகா பழங்குடியினரின் 64,000 ஏக்கரை நியூயார்க் மாநிலம் 1795, 1807 ஆண்டுகளில் மத்திய அரசின் ஒப்புதலின்றி வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட வழக்கோடு பழங்குடியினர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் நுழையலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1974இல்தான். கயூகா மக்கள் 1980இல் வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி விசாரணை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, 2001இல் வட்டியும் சேர்த்துச் சுமார் 24 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ரொம்பக் காலம் கடந்துவிட்டதாம். மண்ணும் இல்லை, காசும் இல்லை.

கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தையும் வெளியே நின்றவன் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

எதிர்வாதம் ஒன்று உண்டு. விவரம் தெரியாமல் பின்னால் வாங்கி வீடு கட்டினவன் என்ன செய்வான்? நல்ல கேள்வி. அவனைத் தெருவில் நிறுத்த யாரும் சொல்லவில்லை. தூங்கின அரசு மாற்று நிலம் கொடுக்கட்டும். ஆனால் பின்னால் வந்தவனின் கஷ்டம், முன்னால் பறிகொடுத்தவனின் உரிமையை அழிக்கிற ரப்பர் ஆகிவிட முடியாது.

காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கேட்காதிருந்தால் காலம் போய்விட்டது என்கிறார்கள். கேட்டால் உயிர் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தத் தேதியில் நாங்கள் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.