பழம் போனது, மலை வந்தது



2020 டிசம்பர் 31. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே காரும் ஆளும் ஒன்றாக ஏறிப் போன அந்தப் பழைய ஃபெரியின் காலம் அன்றோடு முடிந்தது. மறுநாளிலிருந்து பயணிகளுக்கு விரைவுப் படகு. காருக்குப் பாலம்தான் வழி. 1894இல் தொடங்கிய சேவை. 1985இல் முதல் பாலம் திறந்தபோதே அதன் கதை பாதி முடிந்துவிட்டது என்று சொல்லலாம். 2014இல் இரண்டாவது பாலமும் வந்தது. படகுகளுக்கும் வயதாகிவிட்டது.

கடைசி நாட்களில் போய் ஏறி, படம் பிடித்து, கண் கலங்கி வந்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் பத்து வருஷமாக அதில் கால் வைக்காதவர்கள். குறை சொல்லவில்லை. மனித மனசு அப்படித்தான். இருக்கும்போது பாலத்தில் போவோம், போகப்போகிறது என்றதும் படகுக்கு ஓடுவோம்.

எங்கள் ஞாயிறு வகுப்புக்குப் பிறையிலிருந்து வரும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, ஒரு படகு போனதுக்கு அழறது பைத்தியக்காரத்தனமா?" மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சின்ன வயசில் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அப்பா காரை ஃபெரியில் ஏற்றுவாராம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்மலை எந்தப் பக்கம் என்று தேடுவாளாம். ஆள் போக 1 வெள்ளி 20 காசு, அதுவும் பட்டர்வொர்த் பக்கம் மட்டும். திரும்பி வரக் காசு கிடையாது என்பது அவளுக்குப் பெரிய அதிசயம். கடைசியில்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்கும் முட்டி போயிடுச்சு அண்ணே. இப்போ மலை ஏறறதில்ல."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சின்ன இழப்பு என்று நாம் சொல்வதற்குள்ளே வேறொன்று உட்கார்ந்திருக்கும். ஆகவே, "படகுதானே, விடு" என்று சொல்வது பதில் ஆகாது.

தண்ணீர்மலையில் நிற்பவர் யார்? பாலதண்டாயுதபாணி. கையில் தண்டம், இடுப்பில் கோவணம். பழனியில் நிற்கும் அதே கோலம். அந்தக் கோலம் எதனால் வந்தது? ஒரு பழத்தால். நாரதர் கொண்டுவந்த மாம்பழம், உலகைச் சுற்றும் போட்டி, அம்மையப்பனைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்ட பிள்ளையார். பாலர் வகுப்பிலேயே கேட்ட கதை. ஆனால் அடுத்த பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். மயிலில் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவருக்குப் பழம் இல்லை. அவர் கோபப்பட்டார். தெய்வம், அதுவும் ஒரு பழத்துக்கு! இதை மறைக்க வேண்டும் என்று நம் பெரியவர்களுக்குத் தோன்றவே இல்லை. வலித்தது என்று ஒத்துக்கொள்வதில் அவமானம் இல்லை, தங்கச்சி.

அப்புறம் என்ன செய்தார் என்று பாருங்கள். அண்ணனிடம் போய்ப் பாதி கேட்கவில்லை. போட்டியை இன்னொரு முறை வை என்று சொல்லவில்லை. நகையைக் கழற்றினார், தண்டத்தை எடுத்தார், மலைக்குப் போனார். சமாதானம் செய்ய வந்தவர்கள், நீயே பழம், உனக்கு எதற்குப் பழம் என்றார்கள்; அதிலிருந்துதான் பழனி என்ற பெயர் என்று நம் ஜனங்கள் சொல்வார்கள். பழம் கைக்கு வரவேயில்லை. இன்றைக்கு பழனியில் பிரசாதம் என்ன? பஞ்சாமிர்தம். பழம் கிடைக்காத பிள்ளைக்குக் குடம் குடமாகப் பழம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். 2009இல் குளுகோரில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. மாடு வளர்த்து, தலைமுறையாக வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்களின் கிராமம். வீட்டுக்காகப் போராடியவர்களிடம் போய் "பற்றை விடுங்கள்" என்று பேசுவது ஆன்மீகம் இல்லை. கீதை சொல்லப்பட்டதே, வில்லைக் கீழே போட்டவனை எழுப்பி நிறுத்தத்தான். கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். நான் பேசுவது, யாரும் யாருக்கும் அநியாயம் செய்யாமல், காலம் வந்து எடுத்துக்கொண்டு போகிறதே, அதைப் பற்றி.

அதற்கு நம் கோயிலிலேயே ஒரு சடங்கு உண்டு. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரிடம் உள்ள சக்தியை மந்திரத்தால் கலசத்துக்கு அழைத்து, சின்னதாக ஒரு தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கோயிலில் சிமெண்டும் தூசியுமாக இருக்கும், ஆனால் அந்தச் சின்ன இடத்தில் அன்றாடப் பூஜை நிற்காது. வேலை முடிந்தபின் யாகசாலை, கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும் என்பது மரபு. அதாவது, பழையதைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய நாள் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் தண்ணீர்மலையையே பாருங்கள். ஒரு காலத்தில் நீர்வீழ்ச்சிப் பக்கம் இருந்த சின்ன வழிபாட்டிடம் மலைக்கு இடம் மாறியது. 2012இல் மேலே புதுக்கோயில் வந்தது, ஏறிப்போக 513 படிகள். "இத்தனை படியா!" என்று முனகிய பெரியவர்களும் உண்டு. முருகன் எங்கேயும் போய்விடவில்லை.

பாலாலயத்தில் நடுவில் ஒரு காலம் இருக்கிறது, கவனித்தீர்களா? பழைய கோயிலும் இல்லை, புதியதும் முடியவில்லை. சாமி ஒரு கொட்டகையில் இருக்கிறார். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத மாதங்கள், கூட்டாளிகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட முதல் வருஷம், இதெல்லாம் கொட்டகைக் காலம்தான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், விளக்கை நிறுத்தாமல் ஏற்றுவது.

தங்கையிடம் இதைச் சொல்லிவிட்டு, அப்பாவைத் தைப்பூசத்துக்கு எங்கே உட்கார வைக்கலாம் என்று நீயே யோசி என்றேன். 2023 ஆகஸ்டில் புது ஃபெரிகள் வந்தன. கார் ஏறாது, ஆளும் இருசக்கர வண்டிகளும் மட்டும். அடுத்த பூசத்துக்கு அதில்தான் அப்பாவை அழைத்து வந்தாள். அவள் பால்குடம் எடுத்து மலையேறினாள். அவர் ஜாலான் உத்தாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை மோர் ஊற்றிக் கொடுத்தார். "மலை ஏறின காலத்துல இத்தனை பக்தர்கள் முகத்தைப் பார்த்ததே இல்ல" என்றாராம்.

வருகிற போகிக்கு வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். உபயோகம் இல்லை, ஆனால் விட மனசில்லை என்று வைத்திருக்கிறீர்களே, அது. கொளுத்த வேண்டாம், புகைதான் மிச்சம். ஒரு நாள் சாமி அறையில் வையுங்கள். அது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று அம்மாவிடமோ தம்பியிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, அதைப் பயன்படுத்தக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த வாரம் ஞாயிறு வகுப்புக்கு வாருங்கள்.