தாலாட்டும் கூலியும்

தூங்குவதற்காகக் கேட்கும் பாட்டுக்கு அர்த்தம் வேண்டியதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். இரவில் ஜப்பானியத் தாலாட்டுகளைக் கேட்டுத் தூங்குகிறவன் என்ற முறையில் இதைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது எனக்கு.

குமமோட்டோ மாகாணத்து இட்சுகி கிராமத்தின் தாலாட்டும், கியோட்டோவின் தக்கேடா தாலாட்டும் தாய்மார்கள் பாடியவை அல்ல. பிறர் வீட்டுப் பிள்ளையைக் கூலிக்கு முதுகில் சுமந்த ஏழைச் சிறுமிகள் பாடியவை. வேலையின் அலுப்பு, ஊர் ஏக்கம், அழும் பிள்ளை மேல் எரிச்சல் இவைதான் விஷயம். குழந்தைக்குச் சொல் புரியாது. அதனாலேயே அவளால் உண்மையைச் சொல்ல முடிந்தது. பிள்ளை அடங்கியாக வேண்டும். எனவே மெட்டு இதமாக இருக்கிறது. அந்த இதமும் அவள் செய்த வேலைதான்.

தக்கேடா பாட்டை 1971இல் 'அகாய் தோரி' குழு இசைத்தட்டாக்கிப் பெரும் வெற்றி கண்டது. பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் பாட்டு அது என்பதால் ஒலிபரப்பு நிலையங்கள் பல ஆண்டுகள் அதைத் தவிர்த்தன. பின்னணி தெரிந்தவர்கள் பாட்டையே ஒதுக்கினார்கள். தெரியாத நாம் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இரு வகையிலும் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

தெரிந்த பிறகு கேட்கலாமா? கேட்கலாம் என்றே எனக்குப் படுகிறது. குழந்தையின் அறியாமை குற்றமல்ல. வயது வந்தவன் அதே அறியாமையை விரும்பித் தேர்ந்துகொண்டால், அவனும் அவள் முதுகில் ஏறிக்கொள்கிறான். அர்த்தத்தோடு கேட்டால் தூக்கம் சற்றுத் தாமதமாகும். ஆகட்டும்.