புளியும் புள்ளியும்

தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் விளையாட்டை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுகிறது. அந்தச் சத்தத்திலேயே வளர்கிறார்கள். முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, "சானடோரியம்!" என்றதும் டக்கென்று நிற்க வேண்டும். அடுத்து குரோம்பேட்டை, பிறகு பல்லாவரம். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுக் குட்டி முதலிரண்டு நிலையங்களில் நிற்காமல் முன்னவன் முதுகில் மோதும். திரிசூலம் வருவதற்குள் நின்று பழகிவிடும்.

ஓடுவதைவிட ஓடும் காலை நிறுத்துவதுதான் கடினம். காதில் விழுந்த சொல்லைப் பிடிக்க வேண்டும். செய்துகொண்டிருந்ததை அந்தக் கணமே விட வேண்டும். தன் முறை வரும்வரை பேசாமல் இருப்பதற்கும், சறுக்குமரத்தடியில் வரிசை கலைக்காமல் நிற்பதற்கும் தேவையான அடக்கம் இங்கேதான் பழக்கத்துக்கு வருகிறது.

இசையோடு விளையாடுவது என்றதும் பலர் பாட்டு வாத்தியாரைத் தேடுகிறார்கள். ராகம், சுருதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளம், அதில் ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துக் காத்திருக்கும் ஒரு பெரியவர் போதும். பருப்புக் கடையும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டி தன் முழங்கையால் குழந்தையின் உள்ளங்கையில் கடைகிறாள். விரல் விரலாகப் பங்கிடுகிறாள். பிறகு அவள் விரல்கள் நண்டு மாதிரி கையில் ஏறுகின்றன. அக்குளை எட்டுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவாள். கிச்சுக்கிச்சு மூட்டும் முன்பே குழந்தை சிரித்துவிடும். அடுத்து வரப்போவது அதற்குத் தெரிந்துவிட்டது.

எந்த மாதத்தில் எந்த விளையாட்டு என்ற கணக்கும் நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழின் பருவங்களுக்கு மரபு மாதம் வகுத்திருக்கிறது: ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஒலிதான் தாலாட்டு என்பார்கள். சப்பாணி, இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுபறை வருகிறது. முதலில் வெறுங்கை, அப்புறம்தான் கருவி. புலவர்கள் குழந்தை வைத்தியர்கள் அல்லர். கடவுளையும் அரசனையும் தொட்டிலில் போட்டுப் பாடியவர்கள். ஆனாலும் வரிசை பிசகவில்லை. இன்றைய மருத்துவர்கள் குழந்தை கைதட்டும் என்று எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ஜாவோவும் பட்ரீஷியா குலும் 2016இல் வெளியிட்ட ஆய்விலும் அதே ஒன்பதாம் மாதக் குழந்தைகள்தான். 39 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மும்மூன்றாக விழும் தாளத்தோடு விளையாடினார்கள். நம் கணக்கில் திஸ்ரம், தகிட தகிட. மற்றவர்களுக்குப் பாட்டில்லாமல் பொம்மைகள். வேளைக்கு 15 நிமிடம், மொத்தம் 12 வேளை. பிறகு மூளையின் இயக்கத்தை அளந்தபோது, தாளம் பிசகிய இடத்தில் இசைக் குழந்தைகளின் மூளை கூடுதலாக உஷாரானது. பேச்சொலி பிசகிய இடத்திலும் அப்படியே.

அந்தப் பேச்சொலி எது என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. 'பிபி', 'பிப்பி'. ஒரு மெய் சற்றே நீள்கிறது, அவ்வளவே. ஆங்கிலக் காதுக்கு அது அந்நியம். நமக்கோ புளிக்கும் புள்ளிக்கும், கனிக்கும் கன்னிக்கும் நடுவே இருப்பதே அந்த நொடித்துளிதான். தாளத்தில் காலத்தை அளக்கப் பழகும் காது, தமிழ்ச் சொல்லைப் பிரிக்கவும் பழகுகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. 39 குழந்தைகளை வைத்துப் பிள்ளை மேதையாகிவிடும் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிடலாம்.

சோறு ஊட்டும்போது கைப்பேசியில் ஓடும் பாட்டு இதற்கு ஈடாகாது. அதிலும் தாளம் உண்டு, ஆனால் அது யாருக்காகவும் நிற்காது. பிள்ளை கை தட்டினாலும் தட்டாவிட்டாலும் அடுத்த அடிக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர். செய்ய வேண்டியதைப் பெயரே சொல்லிவிடுகிறது. காதைப் பழக்க இன்னொரு வழியும் உண்டு. தாம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத அடையாறுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவர் முறையில் மணிகள் சில உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்; ஒலி மட்டும் வேறுபடும். கண் உதவாத இடத்தில் காது வேலை செய்தாக வேண்டும்.

இதன் மறுபக்கத்தை அங்கன்வாடி வட்டத்தில் பார்க்கலாம். எல்லாரும் பாட்டுக்குக் கைதட்டும்போது ஒரு பிள்ளை மட்டும் அரைத் தட்டு பின்தங்கும். கண் பக்கத்துப் பிள்ளையின் கையிலேயே இருக்கும். மந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காது கேட்காததைக் கண்ணால் ஈடுகட்டுகிற சாமர்த்தியமாகவும் அது இருக்கலாம். டீச்சர் அதன் முதுகுப் பக்கம் போய் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வாரமே செவித்திறன் சோதனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயது எல்லை இருக்கிறது. பாட்டு வட்டத்தில் பிள்ளை உட்காரும்போதே பெரும்பாலும் மூன்று வயது முடிந்திருக்கும்.